ஏசிங்க் சர்வரிலிருந்து போனுக்கு புஷ் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டு மஞ்சள் ஏல விலை, நாமக்கல் முட்டை விலை, திருப்பூர் நூல் விலை, மும்முனை மின்சாரம் வரும் நேரம் என்று சின்னச் சின்ன ஆப்கள் நம் பக்கம் நிறைய வந்துவிட்டன. எழுதுபவர்கள் ஒருவர் இருவர்தான். ஆப் முடிந்து சர்வரும் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் புஷ் அறிவிப்பு, அதாவது ஆப் மூடியிருந்தாலும் சர்வரிலிருந்து போனில் வந்து தோன்றும் செய்தி. அப்போது வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. உதாரணம் முழுக்க மஞ்சள் விலை ஆப். சர்வர் பைத்தானில், ஏசிங்க்ஐஓ (asyncio) கொண்டு எழுதியது. ஒரு வேலை பதிலுக்குக் காத்திருக்கும்போது அடுத்த வேலையைப் பார்க்க விடும் முறை அது, சுருக்கமாக ஏசிங்க். அறிவிப்பைக் கொண்டுசேர்க்கும் சேவை ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் எஃப்சிஎம் (FCM), ஐபோனுக்கு ஆப்பிளின் ஏபிஎன்எஸ் (APNs).

என் சர்வரே நேராகப் போனுக்கு அனுப்ப முடியாதா?

முடியாது. ஒவ்வொரு ஆப்பும் தன் சர்வரோடு தனியாகத் தொடர்பு வைத்திருந்தால் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் போன் கூகுளோடோ ஆப்பிளோடோ ஒரே ஒரு இணைப்பை வைத்துக்கொள்கிறது. நாம் செய்தியை அவர்களிடம் ஒப்படைக்கிறோம், அவர்கள் சேர்க்கிறார்கள். அவர்கள் தரும் 200 என்ற பதிலுக்கு ‘வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் அர்த்தம். விவசாயியின் போனில் மணி அடித்தது என்று அர்த்தமில்லை.

இதற்கு ஏசிங்க் எதற்கு? சாதாரண ஃபார் லூப் போதாதா?

ஐம்பது பேர் என்றால் போதும். எஃப்சிஎம்மின் பழைய முறையில் ஒரே கோரிக்கையில் பல டோக்கன்களை (ஒவ்வொரு போனையும் குறிக்கும் முகவரி போன்ற அடையாளம்) கட்டி அனுப்ப முடிந்தது. அதை 2023 ஜூனில் கைவிடுவதாக அறிவித்து, 2024 ஜூலையிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். இப்போதைய எச்டிடிபி வி1 முறையில் ஒரு டோக்கனுக்கு ஒரு கோரிக்கை. ஏபிஎன்எஸ்ஸில் முன்பிருந்தே அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோரிக்கைக்குப் பதில் வர 100 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 பேருக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப 1,000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட பதினேழு நிமிடம். அந்த நேரம் முழுக்க உங்கள் புரோகிராம் ஒரு வேலையும் செய்யவில்லை, பதிலுக்குக் காத்திருந்தது, அவ்வளவுதான். ஒரே சமயத்தில் 100 கோரிக்கைகள் வெளியே இருக்கும்படி செய்தால் அதே வேலை பத்து விநாடியில் முடிகிறது.

எல்லாம் ஏசிங்க்கில்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் அனுப்பும்போது சர்வரே நின்றுபோகிறதே?

உள்ளே எங்கோ ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைக் கூப்பிடுகிறீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் ஒரே ஆள் பல விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்வார். எங்கே நூல் அறுந்ததோ அங்கே போய் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போவார். அவர் ஒரே தறி முன்னால் உட்கார்ந்துவிட்டால் மற்ற தறிகளில் அறுந்த நூல் அறுந்தபடியே கிடக்கும். ஏசிங்க்கின் எல்லா வேலைகளையும் மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப் அந்த ஒரே ஆள். ரிக்வெஸ்ட்ஸ், பதில் வரும்வரை அவரை அங்கேயே உட்கார வைத்துவிடும். ஃபங்ஷனுக்கு முன்னால் ஏசிங்க் என்று எழுதிவிட்டதால் மட்டும் உள்ளே இருப்பது மாறிவிடாது.

இதைவிட மறைவான இடம் ஒன்று உண்டு. எஃப்சிஎம்முக்கு வேண்டிய அக்சஸ் டோக்கனை (உங்கள் சர்வரின் அடையாளச் சீட்டு) புதுப்பிக்கும் கூகுள் ஆத் நூலகத்தின் வழக்கமான ரிஃப்ரெஷ் அழைப்பும் சிங்க்தான், அதாவது முடியும்வரை லூப்பை நிறுத்திவைப்பது. மணிக்கு ஒரு முறைதான் நடக்கும் என்பதால் சோதனையில் மாட்டாது. அதை ஏசிங்க்ஐஓவின் டு த்ரெட் (to_thread) வழியாகத் தனி இழைக்குத் தள்ளிவிடுங்கள். பைத்தான் 3.9 முதல் அது இருக்கிறது.

எந்த நூலகத்தை எடுப்பது?

ஏஐஓஎச்டிடிபி எஃப்சிஎம்முக்குத் தாராளமாகப் போதும். ஏபிஎன்எஸ்ஸுக்கு ஆகாது, ஏனென்றால் ஆப்பிள் எச்டிடிபி/2 (இணையக் கோரிக்கை முறையின் இரண்டாம் பதிப்பு) மட்டுமே ஏற்கும், ஏஐஓஎச்டிடிபிக்கு அது தெரியாது. எச்டிடிபிஎக்ஸ் எடுத்தால் எச்டிடிபி/2 உண்டு. ஆனால் அதற்கான கூடுதல் பொதியை நிறுவி, கிளையன்ட் உருவாக்கும்போது அதை இயக்கியும் விட வேண்டும். ஏபிஎன்எஸ்ஸுக்கென்றே ஏஐஓஏபிஎன்எஸ் என்ற நூலகமும் இருக்கிறது.

சின்ன அணி என்றால் என் யோசனை வேறு. ஆப்பிள் தரும் பி8 சாவியை (சர்வர் உங்களுடையது என்று நிரூபிக்கும் கோப்பு) எஃப்சிஎம் இருக்கும் கூகுளின் ஃபயர்பேஸில் ஏற்றிவிட்டால் ஐபோனுக்கும் எஃப்சிஎம்மே கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் சர்வர் பேச வேண்டியது ஒரே இடத்தோடு. நம் ஊர் விவசாயிகளில் எத்தனை பேர் ஐபோன் வைத்திருக்கிறார்கள்? அந்தச் சிலருக்காக இரண்டு வழியையும் எழுதிப் பராமரிக்க வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் கிளையன்ட்டை ஒரு முறை உருவாக்கி சர்வர் ஓடும்வரை வைத்திருங்கள். ஒவ்வொரு செய்திக்கும் புது இணைப்பைத் திறந்து மூடினால் வேகம் போவது ஒரு பக்கம், ஆப்பிள் அதைத் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பத்தாயிரம் அனுப்புதலையும் டாஸ்க்குகளாக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டும் கேதரில் போட்டுவிடலாமா?

போடலாம், ஓடவும் ஓடும், ஒரு நாள் வரைக்கும். எச்டிடிபிஎக்ஸ் சொல்லாமலே வைத்திருக்கும் வரம்பு 100 இணைப்புகள், காத்திருப்பு 5 விநாடி. அந்த 5 விநாடி, இணைப்பு கிடைக்கக் காத்திருப்பதற்கும் சேர்த்துத்தான். வரிசையில் பின்னால் நிற்கும் டாஸ்க்குகள் கோரிக்கையை அனுப்பாமலேயே பூல் டைம்அவுட் என்று விழும். சர்வரின் பதிவுக் குறிப்பைப் பார்ப்பவர் ‘கூகுள் மெதுவாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு ஏசிங்க்ஐஓ க்யூ (வரிசை) வைத்து, அளவுக்கு ஓர் உச்சவரம்பு போட்டு, ஐம்பதோ நூறோ வொர்க்கர்கள் (அனுப்பும் வேலையைச் செய்யும் டாஸ்க்குகள்) அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். க்யூ நிறைந்தால் டேட்டாபேஸிலிருந்து எடுப்பது தானாகவே நிற்கும், நினைவகமும் ஏறாது. ஒரே சமயத்தில் எத்தனை ஓடலாம் என்று வரம்பு போடும் செமஃபோர் வைத்தும் செய்யலாம். ஆனால் அதில் பத்தாயிரம் டாஸ்க்குகள் உருவாகிவிட்டுத்தான் காத்திருக்கும்.

பல டாஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டும் டாஸ்க்குரூப் பற்றி ஓர் எச்சரிக்கை. பைத்தான் 3.11இல் வந்த நல்ல வசதிதான். ஆனால் உள்ளே ஒரு டாஸ்க் பிழையோடு விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும். பவானியில் ஒருவர் ஆப்பை நீக்கியதற்காக சத்தியமங்கலத்துக்காரருக்கு விலை போகாமல் நிற்கக் கூடாது. பிழையை ஒவ்வொரு அனுப்புதலுக்கு உள்ளேயே பிடித்துவிடுங்கள்.

கிரியேட் டாஸ்க் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வருவதை எதிலும் வைக்காமல் விடும் பழக்கமும் பலருக்கு உண்டு. ஈவென்ட் லூப் டாஸ்க்கைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் வேலை முடியும் முன்பே குப்பையோடு சேர்த்து அள்ளப்பட்டுவிடலாம். பிழைச் செய்தி இல்லாமல் சில அறிவிப்புகள் மட்டும் காணாமல் போகின்றன என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

விலையைப் பதிவு செய்யும் பட்டனை அழுத்தினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதிவு செய்பவரின் கோரிக்கைக்குள்ளேயே எல்லோருக்கும் அனுப்பி முடிக்கப் பார்க்கிறீர்கள். அவர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நின்றுகொண்டு, விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்று குவிண்டால் கணக்கில் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டியவர். பக்கம் சுற்றினால் இன்னொரு தடவை அழுத்துவார். எல்லோருக்கும் இரண்டு அறிவிப்பு போகும்.

விலையைச் சேமிக்கும் அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் ‘இதை அனுப்ப வேண்டும்’ என்று இன்னொரு அட்டவணையில் ஒரு வரி எழுதிவிட்டு உடனே பதில் சொல்லிவிடுங்கள். தனியாக ஓடும் ஒரு வேலைக்காரப் புரோகிராம் அந்த அட்டவணையைப் பார்த்து அனுப்பட்டும். நினைவகத்தில் இருக்கும் க்யூவை மட்டும் நம்பினால், சர்வரை மறுபடி துவக்கியதும் பாதி பேருக்குப் போகாத செய்தி போகாததாகவே இருந்துவிடும்.

டோக்கன், சாவி என்று குழப்பமாக இருக்கிறதே?

இரண்டு வேறு டோக்கன்கள் உண்டு. ஒன்று ஒவ்வொரு போனையும் குறிப்பது, ஆப் கொண்டுவந்து தருவது. இன்னொன்று உங்கள் சர்வர் யார் என்று நிரூபிப்பது. இங்கே சொல்வது இரண்டாவதைப் பற்றி.

எஃப்சிஎம்முக்கு சர்வீஸ் அக்கவுன்ட் கோப்பிலிருந்து ஒரு மணி நேரம் செல்லும் அக்சஸ் டோக்கன் கிடைக்கும். ஆப்பிளுக்கு பி8 சாவியால் நீங்களே கையொப்பமிட்டு ஒரு ஜேடபிள்யூடி (JWT, கையொப்பமிட்ட அடையாளச் சீட்டு) தயாரிக்க வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் 403 (மறுப்பு) என்ற பதில் வரும். அதற்காக ஒவ்வொரு செய்திக்கும் புதிது தயாரித்தாலும் திட்டு விழும். 20 நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றினால் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கை) வரும். நாற்பது, ஐம்பது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நிம்மதி.

ஏசிங்க்கில் வரும் ஒரு தொல்லை: காலாவதியான கணத்தில் நூறு வொர்க்கர்களும் ஒரே சமயம் ‘பழசாகிவிட்டது’ என்று கண்டுபிடித்து நூறு முறை புதுப்பிக்க ஓடும். ஏசிங்க்ஐஓ லாக் (பூட்டு) ஒன்று போட்டு, லாக் கிடைத்த பிறகு இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, அப்புறம் புதுப்பியுங்கள்.

பி8 கோப்பை ஆப்பிள் ஒரே ஒரு முறைதான் இறக்க விடும். பத்திரமாக வையுங்கள், நிரலோடு சேர்த்து கிட் (git) களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள்.

பிழைப் பதில் வந்தால் என்ன செய்வது? மறுபடி அனுப்பினால் போதாதா?

எதற்கு மறுபடி அனுப்பலாம், எதற்குக் கூடாது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அனுப்புவதைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

எஃப்சிஎம் 404 கொடுத்து ‘அன்ரெஜிஸ்டர்ட்’ என்றால், ஏபிஎன்எஸ் 410 கொடுத்து அதையே சொன்னால், அந்த டோக்கன் செத்துவிட்டது. ஆப்பை நீக்கியிருப்பார், அல்லது போன் மாற்றியிருப்பார். அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏபிஎன்எஸ் 410 உடன் ஒரு நேரமும் வரும், அந்த நேரத்திலிருந்து டோக்கன் செல்லாது என்று. அதற்குப் பிறகு அதே டோக்கன் உங்களிடம் மறுபடி பதிவாகியிருந்தால் நீக்காதீர்கள்.

429, 500, 503 (நெரிசல் அல்லது அவர்கள் பக்கக் கோளாறு) என்றால் காத்திருந்து மறுபடி முயலலாம். ரீட்ரை ஆஃப்டர் என்று தலைப்பில் நேரம் சொல்லியிருந்தால் அதை மதியுங்கள். எஃப்சிஎம்மின் 429இல் நேரம் சொல்லவில்லை என்றால் 60 விநாடி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கூகுள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் தற்செயலான வித்தியாசமும் சேருங்கள். இல்லாவிட்டால் தோற்றவை எல்லாம் ஒரே விநாடியில் மீண்டும் போய் முட்டும். காத்திருக்கும்போது வொர்க்கரைத் தூங்க வைக்காதீர்கள். செய்தியை ‘இந்த நேரத்துக்குப் பிறகு’ என்று குறித்து அட்டவணைக்கே திருப்பிவிட்டு அடுத்ததை எடுக்கட்டும்.

400 வந்தால் பெரும்பாலும் தப்பு உங்கள் பக்கம், எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். இங்கே ஒரு பொறி உண்டு. எஃப்சிஎம்மின் 400 டோக்கன் தவறானாலும் வரும், செய்தியின் அமைப்பு தவறானாலும் வரும். 400 வந்த டோக்கனை எல்லாம் நீக்கும்படி எழுதிவைத்தால், ஒரு நாள் செய்தியில் ஒரு புலத்தைத் தப்பாக எழுதி அனுப்பும்போது பயனர் பட்டியல் மொத்தமும் காலியாகிவிடும்.

ஏபிஎன்எஸ்ஸில் ‘பேட் டிவைஸ் டோக்கன்’ என்றால் முதலில் சர்வர் முகவரியைப் பாருங்கள். ஐபோன் ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடிலிருந்து நேராகப் போனில் ஏற்றிய ஆப்பின் டோக்கன் சாண்ட்பாக்ஸ் (சோதனை) முகவரிக்கு உரியது. டெஸ்ட்ஃபிளைட், ஆப் ஸ்டோர் வழி வந்தது புரொடக்‌ஷனுக்கு உரியது. மாற்றி அனுப்பினால் இந்தப் பதில்தான்.

ஏனுங்க, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை போகுதுங்களே?

டைம்அவுட் ஆன கோரிக்கையை மறுபடி அனுப்பியிருப்பீர்கள். டைம்அவுட் என்றால் போகவில்லை என்று அர்த்தமில்லைங்க. போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் இருந்திருக்கலாம். இதை முழுக்கத் தடுக்க முடியாது, இரண்டாவது வந்தாலும் தெரியாதபடி செய்யலாம். ஐபோனுக்கு ஏபிஎன்எஸ் கொலாப்ஸ் ஐடி, ஆண்ட்ராய்டில் நோட்டிஃபிகேஷன் டேக். ஒரே பெயர் இருந்தால் புதியது பழையதின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். சந்தை, தேதி இரண்டையும் சேர்த்துப் பெயர் வையுங்கள். கொலாப்ஸ் ஐடிக்கு 64 பைட்தான் வரம்பு, தமிழில் வைக்காமல் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது நல்லது.

ஒரே போனின் பழைய டோக்கனும் புது டோக்கனும் அட்டவணையில் இருந்தாலும் இப்படி நடக்கும். டோக்கனை ஆளோடு மட்டும் கட்டாமல், ஆப் நிறுவலுக்கு ஓர் அடையாளம் கொடுத்து அதோடு கட்டுங்கள்.

தமிழில் அனுப்பினால் மட்டும் ‘அளவு அதிகம்’ என்கிறதே?

இரண்டு இடத்திலும் வரம்பு 4,096 பைட். தமிழுக்கு யூடிஎஃப்-8இல் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘மஞ்சள்’ என்ற சொல்லில் ம, ஞ, புள்ளி, ச, ள, புள்ளி என்று ஆறு குறியீடுகள், ஆக 18 பைட். இது பரவாயில்லை. ஆனால் பைத்தானின் ஜேசன் டம்ப்ஸ் (json.dumps), நீங்கள் சொல்லாவிட்டால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் பின்சாய்கோடு, யு, நான்கு எழுத்து என்று ஆறு பைட்டாக மாற்றி எழுதும். அதே ‘மஞ்சள்’ 36 பைட் ஆகிவிடும். ஏஐஓஎச்டிடிபியில் ஜேசன் என்று கொடுத்தாலும் இதுதான் நடக்கும். அதில் என்ஷூர் ஆஸ்கியை (ensure_ascii) ஃபால்ஸ் என்று வைத்து, நீங்களே பைட்டாக மாற்றி அனுப்பினால் பாதியாகக் குறையும்.

நீளத்தை வெட்டும்போதும் கவனம். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் ‘விலை’ என்பது ‘வில’ என்று நிற்கும், ‘மஞ்சள்’ புள்ளி இழந்து ‘மஞ்சள’ ஆகும். சொல் முடியும் இடத்தில் வெட்டுங்கள். எப்படியும் பூட்டிய திரையில் சில வரிகள்தான் தெரியும், எண்ணை முதலில் வையுங்கள்.

போன் அணைந்திருந்தால்?

வைத்திருந்து கொடுப்பார்கள். எவ்வளவு நேரம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எஃப்சிஎம் நான்கு வாரம் வரை வைத்திருக்கும். போன வார மஞ்சள் விலை இன்று காலை வந்து நின்றால், அதை நம்பி வண்டி பிடித்து மூட்டை ஏற்றுபவர் உண்டு. அன்றைய விலை அடுத்த ஏலம் தொடங்குவதற்குள் காலாவதியாகட்டும்.

இரண்டுக்கும் எழுதும் முறை வேறு. எஃப்சிஎம்முக்கு எவ்வளவு நேரம் என்று, விநாடியும் கடைசியில் எஸ் என்ற எழுத்துமாக. ஏபிஎன்எஸ்ஸுக்கு எந்தக் கணம் வரை என்று, 1970இலிருந்து எண்ணிய விநாடியாக. எஃப்சிஎம் பழக்கத்தில் ஏபிஎன்எஸ்ஸுக்கு 3600 என்று கொடுத்தால் அது 1970 ஜனவரி 1ஐக் குறிக்கும், எப்போதோ கடந்துபோன கணம்.

சர்வரில் 200 வருகிறது, போனில் எதுவும் வரவில்லை.

ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும், அவர் மறுத்திருக்கலாம். ஆண்ட்ராய்டு 8 முதல் சேனல் (அறிவிப்பின் வகை) வேண்டும், ஆப்பே அறிவிப்பைக் காட்டும்போது உருவாக்காத சேனல் பெயரைக் கொடுத்திருக்கலாம். செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் செய்த ஆப்புக்கு மறுபடி திறக்கும்வரை எதுவும் வராது. சில கம்பெனி போன்களில் பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணி ஆப்பை அடக்கிவைப்பார்கள், ஆட்டோ ஸ்டார்ட்டை இயக்கச் சொல்ல வேண்டும். இவற்றில் எதையும் சர்வரில் சரிசெய்ய முடியாது.

சரியாக 4 மணிக்கு எல்லோருக்கும் போக வேண்டும்.

4:00 வேண்டாம், 4:04 வையுங்கள். மணி, கால், அரை, முக்கால் ஆகும் நிமிடங்களில் உலகமே அனுப்புகிறது. அவற்றுக்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் தவிர்க்கும்படி கூகுளே கேட்டுக்கொள்கிறது.

எல்லோருக்கும் ஒரே விலைதானே, எஃப்சிஎம்மின் டாபிக் (பலர் சேர்ந்துகொள்ளும் குழுப் பெயர்) போதாதா?

போதும். இவ்வளவையும் படிக்க வைத்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே செய்தி என்றால் ஆப் ‘ஈரோடு மஞ்சள்’ என்ற டாபிக்கில் சேர்ந்துகொள்ளட்டும், உங்கள் சர்வர் ஒரே ஒரு கோரிக்கை அனுப்பினால் முடிந்தது. டாபிக் பெயரில் தமிழ் எழுத்து செல்லாது, ஆங்கில எழுத்தில் வையுங்கள். யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்று தனித்தனிப் பதில் வராது, கொஞ்சம் தாமதமும் ஆகலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒவ்வொரு டெய்லருக்கும் அவரவர் ஷிப்ட், அவரவர் பீஸ் கணக்கு அனுப்ப வேண்டும் என்றால் டாபிக் உதவாது. மேலே சொன்ன க்யூ, வொர்க்கர், பிழைப் பதில் எல்லாம் அவர்களுக்குத்தான்.

உண்மையில் அனுப்பாமல் சோதிக்க முடியுமா?

எஃப்சிஎம்மில் வேலிடேட் ஒன்லி என்று சேர்த்தால் சரிபார்த்துவிட்டுப் பதில் மட்டும் தரும். ஆப்பிளுக்கு டெவலப்பர் தளத்திலேயே புஷ் கன்சோல் இருக்கிறது. வேகத்தைச் சோதிக்க, கொஞ்சம் தாமதித்து 200, இடையிடையே 429, 503 என்று பதில் சொல்லும் போலி சர்வர் ஒன்றை நீங்களே எழுதி அதன்மேல் ஓட்டுங்கள். சின்ன வேலைதான்.

செலவு?

எஃப்சிஎம்முக்குக் காசு இல்லை. ஏபிஎன்எஸ்ஸுக்கும் செய்திக் கணக்கில் காசு இல்லை, ஆனால் ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர். பிளே ஸ்டோருக்கு ஒரே முறை 25 டாலர். பெரும்பாலான நேரம் காத்திருப்பதுதான் வேலை என்பதால் சின்ன சர்வரே தாங்கும். பட்டன் போன் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ்தான் வழி. அதற்கு ஒவ்வொரு செய்திக்கும் காசு, டிஎல்டி பதிவும் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புபவர்களைப் பதியும் முறை) வேண்டும், செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். அதையும் அதே அட்டவணையிலிருந்து இன்னொரு வொர்க்கர் எடுத்து அனுப்பலாம்.